மின் தணிக்கை, ஓட்டேரிக் கிளை நூலகம்

விளக்குகளை எண்ணத்தான் வந்தேன்.
கையில் அட்டை, அட்டையில் கட்டங்கள்,
சட்டைப் பையில் லக்ஸ் மீட்டர்,
மே மாதத்துப் பதினொரு மணியைத்
தலையில் சுமந்தபடி படியேறினேன்.

குழல்விளக்கு நாற்பத்திரண்டு.
ஒன்பது, சாகவும் மாட்டாமல் துடிக்கின்றன.
பதினான்கு, யாரும் போகாத அரசிதழ் அடுக்கின்மேல்
காலை எட்டு முதல் இரவு எட்டு வரை
எண்பத்தேழாம் ஆண்டின்
நில எடுப்பு அறிவிக்கைகளை
விடாமல் வாசித்துக்கொண்டிருக்கின்றன.

மின்விசிறி பதினொன்று.
ஒன்றில் காற்று வராது, சத்தம் மட்டும்.
அதன் கீழே மட்டும் நாற்காலி காலியாக இருப்பதில்லை.
"சத்தம் இருந்தாதான் சார் தூக்கம் வராது"
என்றாள் குரூப் ஃபோர் படிக்கும் நஸ்ரின்.
'பழுது' என்று எழுதியிருந்தேன்.
அடித்தேன்.

நூலகர் ஹெப்சிபா சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.
"ஏசி போடப் போறீங்கன்னா வேணாம்னு
இப்பவே எழுதிக் குடுத்துடறேன்.
அந்த பீரோவுக்குப் பின்னால ஒரு ஜன்னல் இருக்கு.
அதைத் திறந்து குடுங்க, போதும்."

நகர்த்தினோம்.
நான், காவலாளி ஏகாம்பரம்,
தினமும் விளையாட்டுப் பக்கத்துக்காகச்
சண்டை போடும் இருவர்
(அன்றைக்கு ஒரே பக்கம் தள்ளினார்கள்).
பின்னால்
கரையான் படித்து முடித்த மூன்று தொகுதிகள்,
ஒரு பல்லி, ஒரு பழைய ஐம்பது பைசா,
நான்கு பூச்சு பெயிண்டில் சுவராகவே
மாறிவிட்ட ஜன்னல்.

ஸ்க்ரூடிரைவரால் விளிம்பெல்லாம் கீறி
தோளால் ஓர் இடி.

எழுபதில் கிடந்த மீட்டர்
நானூற்றைத் தாண்டியது.
தூசு தங்கமாய்ச் சுழன்றது என்று
சொல்ல நினைத்த அதே நொடியில்
உறுப்பினர் அட்டை இல்லாமலே
உள்ளே நுழைந்தது ஓட்டேரி நல்லா.
பேர்தான் நல்லா.

எல்லா மூக்கும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.
"மூடுங்க சார்."
"இல்ல, திறந்தே இருக்கட்டும், வெளிச்சமா இருக்கு."
"கொசு வரும்."
"வராம? இப்பவே உள்ள ஒரு டஜன் இருக்கு."
ஏகாம்பரம் மெதுவாகச் சொன்னார்:
"மூடுனவன் முட்டாள் இல்ல சார்."

பரிந்துரைக் கட்டத்தில் 'கொசுவலை' என்று எழுதினேன்.
அதன் கீழே 'கால்வாய்' என்றும்.
விளக்கை எண்ணச் சொன்னால்
சாக்கடையை ஏன்யா எண்ணினே
என்று மேலதிகாரி கேட்பார்.
கேட்கட்டும்.
இழுத்தது ஜன்னலைத்தான்.
கூடவே வந்தது அது.

வியர்வை ஆறும் வரை
ஹெப்சிபா ஒரு புத்தகத்தை என்முன் தள்ளினார்.
மோட்டார் காயில் சுற்றும் கையேடு.
பக்க ஓரமெல்லாம் கிரீஸ் ரேகைகள்.
மூன்றாம் முறை பைண்டிங்,
முதுகில் பழைய லுங்கித் துணி.
தேதித்தாள் நிரம்பி அதன்மேல் ஒன்று ஒட்டி
அதுவும் நிரம்பி இன்னொன்று ஒட்டி
எண்ணினால் நூற்றுப் பதினான்கு முத்திரை.

மரத்தை வெட்டியது ஒருமுறை.
இந்த வட்டாரத்தில்
எத்தனை கிரைண்டர் மறுபடி சுற்றியிருக்கும்,
எத்தனை வாட்டர் பம்ப்
பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பியிருக்கும்?
அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
மாத யூனிட்டுக்குக் கட்டம் உண்டு,
வாட்டுக்கு உண்டு, ஸ்டார்ட்டருக்குக்கூட உண்டு.
இதற்கு இல்லை.

"எடுத்துட்டுப் போறீங்களா?" என்றார்.
நூற்றுப் பதினைந்து.

கிளம்பும்போது
துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு
நாற்காலியை ஜன்னலடிக்கு
இழுத்துப் போட்டிருந்தாள் நஸ்ரின்.
அரசிதழ் வரிசையின் சுவிட்சில் கை வைத்தேன்.
பதினான்கும் அணைந்தன.
யாரும் தலை நிமிரவில்லை.

அவள் விட்டுவந்த இடத்தின் மேலே
சத்தம் போடும் விசிறி மட்டும்
ஓடிக்கொண்டிருந்தது.